பாப்பாரப்பட்டியில் ஒரு பகல்

தருமபுரியிலிருந்து வடமேற்குத் திசையில் சுமார் 10 மைல் பஸ்ஸில் சென்றால் பாப்பாரப்பட்டி வந்துவிடுகிறது. வழியெல்லாம் புளிய மரங்கள். இரு புறமும் செம்மண் கொல்லைகள். அவற்றில் மழை பெய்தால் ராகியும் துவரையும், பெய்யாவிட்டால் வெறும் கற்களும் காட்சியளிக்கின்றன. பாசி படர்ந்த குளங்களையும் நெல் வயல்களையும் பார்த்துப் பழகிய தஞ்சாவூர்க் கண்களுக்கு இந்தச் சீமை முதலில் சற்றுக் கடுமையாகத்தான் தோன்றும். ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் புளிப்பு மணம் கலந்த ஒரு சுறுசுறுப்பு நம்மை எதிர்கொள்கிறது. நாம் போனது புளி அறுவடைக் காலம். திண்ணைகளிலும் கொட்டகைகளிலும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளியைத் தட்டி, ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டையெடுத்துக் கொண்டிருந்தார்கள். இந்த ஜில்லாவின் புளிக்கு வெளியூர்ச் சந்தைகளிலும் பெயர் உண்டு என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1965-ஆம் வருஷம் சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான தருமபுரிக்கு, பிரிந்த நாள் முதலாகவே தண்ணீர்க் கவலை. காவேரி இதன் ஓரத்தில்தான் ஒகேனக்கல்லில் பாறைகளின்மேல் ஆர்ப்பரித்து விழுகிறது. அந்த ஓசையைக் கேட்கக்கூடிய தூரத்தில் இருந்தவர்களுக்குக்கூட, கிணற்று நீரில் ப்ளோரைடு உப்பு மிகுந்திருந்த காரணத்தால், பற்கள் பழுப்பேறின, எலும்புகள் வலுவிழந்தன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் முடிந்து காவேரித் தண்ணீர் குழாய் வழியே வந்தது 2013-இல்தான். நீண்ட காலம் காத்திருந்து பழகிய ஜனங்கள் இவர்கள். இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பேச்சு விளங்கும்.

பாப்பாரப்பட்டியைத் தேடி வெளியூரார் வருவது புளிக்காக மட்டுமல்ல; சுப்பிரமணிய சிவாவுக்காகவும். வத்தலக்குண்டில் 1884-இல் பிறந்து, 1908-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையோடு கைதாகிச் சிறை புகுந்து, 1912-இல் வெளியே வரும்போது தொழுநோயையும் உடன் கொண்டு வந்த அந்த மகா புருஷர், தம் கடைசி வருஷங்களில் இங்கேதான் ஓர் ஆசிரமம் அமைத்தார். நோயைக் காரணம் காட்டி ரயில் பிரயாணத்தைச் சர்க்கார் தடுத்தபோது, கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போனார். பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப வேண்டும் என்பது அவருடைய வேட்கை. 1923-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். இரண்டே வருஷத்தில், 1925 ஜூலை 23-ஆம் தேதி, சிவா இதே ஊரில் கண்ணை மூடினார். ஆலயம் எழும்பவில்லை. தேசம் சுதந்திரம் அடைந்தது; மாகாணங்கள் பிரிந்தன; கல் மட்டும் காத்திருந்தது. கடைசியில் பாரத மாதா நினைவாலயம் கட்டித் திறக்கப்பட்டது 2021-ஆம் வருஷத்தில்.

மணிமண்டபத்தில் அன்று அதிகக் கூட்டம் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் சிலர் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே ஐஸ் வண்டியைத் தேடி ஓடினார்கள். நாம் நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைத் தெருவுக்கு வந்தோம். அங்கே ஒரு டீக் கடைப் பெஞ்சியில் நமக்கு ஒரு சபை வாய்த்தது.

இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் கைப்பேசியை நம் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் ஒரு மனிதர் மோட்டார் சைக்கிளின் எண்ணெய்த் தொட்டியில் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றினார், உதைத்தார், வண்டி ஓடிற்று.

"பாருங்க ஐயா, தண்ணியிலேயே ஓடுது. இனிமே பெட்ரோல் பங்க்குக்கு யார் போவாங்க?" என்றார் இளைஞர்.

எதிர்ப் பெஞ்சியில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்க்காமலே, "இதை நான் தொண்ணூத்தாறிலேயே பார்த்துட்டேன் தம்பி. அப்போ தண்ணியோட கொஞ்சம் தழையும் போட்டாங்க. எங்க ஊர்லே பாதிப் பேரு கொல்லையிலே கிடந்த செடியெல்லாம் பிடுங்கி வேக வெச்சுப் பார்த்தாங்க" என்றார்.

கடையில் சிரிப்பு எழுந்தது. ஆனால் இளைஞர் சிரிக்கவில்லை. "வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சா நம்புவீங்க. நம்ம ஊர்க்காரன் கண்டுபிடிச்சா மட்டும் நம்பமாட்டீங்க, இல்லீங்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை வேறு எந்த ஊரிலாவது கேட்டிருந்தால் நாம் தலையை அசைத்துவிட்டு எழுந்து வந்திருப்போம். சிவா மண்ணான ஊரில் அப்படி எழுந்து வர முடியவில்லை. அந்நியனுடைய கப்பலில் ஏறமாட்டோம், அந்நியனுடைய துணியை உடுக்கமாட்டோம் என்று அவரும் சிதம்பரம் பிள்ளையும் தூத்துக்குடியில் முழங்கியபோதும், "நம்மவனால் ஆகுமா?" என்று ஏளனம் செய்தவர்கள் ஏராளம். நாம் எரிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் இன்றும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. அதைக் கண்டு ஓர் இளைஞரின் நெஞ்சு கொதித்தால் அது சுதேசிக் கொதிப்புத்தான்.

பெரியவர் சொன்ன அந்த 1996-ஆம் வருஷத்துச் சமாசாரத்தை மறந்துவிட்டவர்களுக்கும், அப்போது பிறவாதவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறோம். ராஜபாளையம் பக்கத்து இடையன்குளம் கிராமத்தைச் சேர்ந்தவர் ராமர் பிள்ளை. பெரிய படிப்பு ஒன்றும் இல்லாதவர். ஒரு வகை மூலிகையைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, இன்னும் சில சரக்குகளைச் சேர்த்துக் கிளறினால் பெட்ரோலைப் போன்ற எரிபொருள் கிடைக்கிறது என்றார். செலவு மிகச் சொற்பம் என்றார். பத்திரிகைகள் கொண்டாடின. மாநில சர்க்கார் மூலிகை பயிரிட நிலம் தர முன்வந்தது. டில்லி வரை அழைத்துப் போய்ப் பெரிய விஞ்ஞானிகள் முன்னிலையில் செய்து காட்டச் சொன்னார்கள். அங்கே எரிந்த சுடரைக் கண்டு, படித்தவர்களிலேயே சிலர் மயங்கினார்கள். பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் கட்டுக்காவலோடு பரீட்சை நடந்தது. எண்ணெய் வரவில்லை. கிளறும் கோலுக்குள்ளே எண்ணெய் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்று அந்நாளில் பத்திரிகைகள் எழுதின.

இத்தோடு கதை முடிந்திருந்தால் ஒரு தமாஷாகப் போயிருக்கும். பிற்பாடு அவர் பெயரால் எரிபொருள் கடைகளில் விற்பனைக்கே வந்தது. ஜனங்கள் பணம் கொடுத்து வாங்கினார்கள். விற்கப்பட்டது டொலுவீன், நாப்தா போன்ற பெட்ரோலியச் சரக்குகளின் கலவையே என்று சி.பி.ஐ. வழக்குத் தொடுத்தது. 2016 அக்டோபரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் அவருக்கும் வேறு சிலருக்கும் மூன்று வருஷச் சிறைத் தண்டனை விதித்தது.

இதில் நமக்கு வருத்தம் தருவது ஒன்று. பரீட்சைக்கு முன்பே ஒரு காகிதமும் பென்ஸிலும் எடுத்திருந்தால் பாதி மயக்கம் தெளிந்திருக்கும். டீக் கடையில் நாம் அந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினோம். நம் நேயர்களின் வீட்டில் அரிசி அளந்து போடுகிற எவருக்கும் இது விளங்கும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 740 கிராம் எடை. அதில் நூற்றுக்கு 85 பங்கு கரி, அதாவது கார்பன். கணக்குப் பார்த்தால் 630 கிராம் கரி. இந்தக் கரி எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். தண்ணீரில் கரி கிடையாது. அப்படியானால் தழையிலிருந்துதான் வரவேண்டும். காய்ந்த தழையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே கரி இருக்கிறது. ஆகவே ஒரு துளி வீணாகாமல் செய்தாலும் ஒரு லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ அளவுக்குக் காய்ந்த தழை வேண்டும். பச்சைத் தழையில் முக்கால் பங்கு நீர் என்பதால், பச்சையாக எடுத்தால் ஐந்தாறு கிலோ. உலகத்தில் எந்தத் தொழிலும் ஒரு துளி வீணாகாமல் நடப்பதில்லை. அடுப்புக்கும் விறகு வேண்டும். கையளவு தழையைப் போட்டுவிட்டு லிட்டர் கணக்கில் எண்ணெய் வந்தது என்றால், அந்தக் கரி வேறு ஏதோ வழியாகச் சட்டிக்குள் வந்திருக்கிறது என்றுதான் பொருள். கால்படி அரிசி போட்டு ஊருக்கே சோறு வடித்தேன் என்றால், நாம் அரிசியின் ஜாதியையா விசாரிப்போம்? பானையின் அடியில் வேறு யார் கொட்டினார்கள் என்றல்லவா பார்ப்போம்?

தண்ணீரை ஊற்றி ஓட்டும் வண்டியின் சங்கதி இன்னும் சுலபம். விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சுகிறது. ஹைட்ரஜன் என்ற வாயு எரிந்தால் மிஞ்சுவது தண்ணீர். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து தீர்ந்த சாம்பல். சாம்பலைத் திரும்பவும் விறகாக்க முடியும். மின்சாரம் செலுத்தித் தண்ணீரைப் பிரிக்கவும் செய்கிறார்கள். ஆனால் அதற்குச் செலுத்தும் சக்தி, பிறகு எரித்து நாம் பெறும் சக்தியைவிட எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

பெரியவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கடன் வாங்கி வட்டிக்கு விடற மாதிரி, ஆனா வாங்கின வட்டி கூட, விட்ட வட்டி கம்மி" என்றார். நம் விளக்கத்தைவிட அது நன்றாயிருந்தது.

இளைஞர் அசைந்து கொடுக்கவில்லை. "கணக்கு சரிங்க ஐயா. ஆனா படிக்காதவன்னு தானே அவரை அத்தனை பேரு சிரிச்சாங்க?" என்றார்.

உண்மையைச் சொன்னால், அந்நாளில் சிரித்தவர்களில் பலர் கணக்குப் பார்த்துச் சிரிக்கவில்லை. கிராமத்தான், ஆங்கிலம் அறியாதவன் என்றே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கண்டுதான் மற்றவர்கள் வீம்பாக நம்பினார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. இரு கட்சியாரும் மனிதரைப் பார்த்தார்களே தவிரச் சட்டியைப் பார்க்கவில்லை. ஆகையால் வெள்ளைக்காரர் கதை ஒன்றையும் அந்த இளைஞருக்குச் சொன்னோம்.

1989 மார்ச் 23-ஆம் தேதி அமெரிக்காவில் யூட்டா சர்வகலாசாலையில் பிளைஷ்மன், பான்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் பத்திரிகைக்காரர்களைக் கூட்டினார்கள். சூரியனுக்குள்ளே கோடிக்கணக்கான டிகிரி உஷ்ணத்தில் நடக்கும் அணுச் சேர்க்கையை, மேஜைமேல் ஒரு கண்ணாடிக் குடுவையில், கன நீரும் பல்லேடியம் என்ற உலோகமும் கொண்டு நடத்திவிட்டதாக அறிவித்தார்கள். இவர்கள் படிக்காதவர்கள் அல்ல. பிளைஷ்மன் லண்டன் ராயல் சங்கத்தின் அங்கத்தினர். உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் இரவு பகலாகக் குடுவைகள் வைத்தார்கள். நம் டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி நிலையத்திலும் வைத்தார்கள். அணுச் சேர்க்கையின் அடையாளங்கள் கிடைத்ததாகவும் சொன்னார்கள். ஆனால் வேண்டியபோது வேண்டியவர் கையில் அது வரவில்லை. அதே வருஷம் நவம்பரில் அமெரிக்க சர்க்கார் நியமித்த குழு, சொல்லப்பட்டவற்றை நம்பப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறிவிட்டது. பட்டமும் பதவியும் அந்தப் பேராசிரியர்களைக் காப்பாற்றவில்லை.

அதே அணுச் சேர்க்கையில் 2022 டிசம்பர் 5-ஆம் தேதி கலிபோர்னியாவில் லிவர்மூர் ஆய்வுக்கூடத்தார் ஒரு வெற்றி கண்டார்கள். லேஸர் ஒளியாகக் குண்டுமணியளவு எரிபொருளின்மேல் பாய்ச்சிய சக்தி 2.05 மெகாஜூல், கிடைத்தது 3.15 மெகாஜூல். இதைச் சொன்ன அவர்களே, லேஸரை இயக்க மின்கம்பியிலிருந்து சுமார் 300 மெகாஜூல் இழுத்தோம் என்பதையும் கூடவே சொன்னார்கள். இன்னும் எத்தனை தூரம் போகவேண்டும் என்பதை எதிரி வந்து கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

இளைஞர் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டாரா, நம்மைச் சகித்துக்கொண்டாரா என்பது முகத்தில் தெரியவில்லை. ஆனால், "வாங்க, எங்க மாமா கொல்லையிலே சோலார் மோட்டார் போட்டிருக்காரு. அதையும் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று அழைத்தார்.

போகும் வழியில் வேலியோரமாகக் காட்டாமணக்கு செழித்து நின்றது. ஆடு மாடு வாய் வைக்காத செடி என்று காலங்காலமாக நம் குடியானவர்கள் வேலிக்கு வைத்தது. இதற்கும் ஒரு யோக காலம் வந்தது. 2003-இல் மத்தியத் திட்டக் கமிஷன் குழு ஒன்று இதன் விதையிலிருந்து டீஸல் எடுக்கலாம் என்று பெரிய திட்டம் வகுத்தது. இதில் மோசடி இல்லை. விதையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் இருப்பது நிஜம். அதில் எஞ்சின் ஓடுவதும் நிஜம். ஆனால் "தரிசு நிலத்தில் தண்ணீரில்லாமல் பொன் விளையும்" என்ற வாக்கியம் எப்படியோ அதனுடன் ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் எத்தனையோ மேட்டு நில விவசாயிகள் நிலக்கடலையை விட்டு இதை நட்டார்கள். கோயம்புத்தூர், திருவண்ணாமலை ஜில்லாக்களில் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, விளைச்சல் எதிர்பார்த்ததைவிட வெகு குறைவு, தண்ணீர் இருந்தால்தான் கட்டுப்படியாகுமா என்ற பேச்சே எழும் என்று கண்டது. செடியின்மேல் பிழையில்லை. அது வேலியில் நன்றாகத்தான் வளர்கிறது. சொன்ன சொல்தான் அதன் உயரத்துக்கு மிஞ்சிப் போயிற்று.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மை அறிவியல் நிலையம் ஒன்றும் பாப்பாரப்பட்டியில் இருக்கிறது. இத்தகைய நிலையங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: புது விதையைப் பற்றிப் பிரசங்கம் செய்வதோடு நில்லாமல், விவசாயியின் சொந்த நிலத்திலேயே பழையதின் பக்கத்தில் புதியதை விதைத்து, இரண்டையும் அறுத்து நிறுத்துக் காட்டுகிறார்கள். காட்டாமணக்குக்கு முதலில் எல்லா ஊர்களிலும் இந்த மரியாதையைச் செய்திருந்தால் எத்தனையோ கொல்லைகள் தப்பியிருக்கும்.

மாமாவின் கொல்லை ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் இருந்தது. இரும்புச் சட்டத்தில் நீலக் கண்ணாடித் தகடுகள் தெற்கு நோக்கிச் சாய்ந்து நின்றன. கீழே ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார். 2019-இல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த குசும் திட்டத்தைப் போன்ற மானியங்களால் இவை இப்போது பல கிராமங்களுக்கு வந்திருக்கின்றன. சூரியனிலிருந்து மின்சாரம் என்பதும் ஒரு காலத்தில் கனவுப் பேச்சாகத்தான் இருந்தது. ராமநாதபுரம் ஜில்லாக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 2016-இல். நாம் முன்பு சொன்ன தீர்ப்பு வந்த அதே வருஷம். அதற்கு முப்பது வருஷம் முன்பு, 1986-இல், சுதேசிக் கப்பல் புறப்பட்ட தூத்துக்குடிக்கு அருகே முல்லைக்காட்டில் மின்வாரியம் காற்றாலைகளை நட்டபோதும் சிலர் சிரித்திருப்பார்கள். இன்று தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்துக் காற்றாலைகளை யாரும் வண்டியை நிறுத்திப் பார்ப்பதுகூட இல்லை.

மாமா மண்வெட்டியும் கையுமாகத் தக்காளிப் பாத்தியில் நின்றிருந்தார். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டோம்.

"வெயில் இருந்தா தண்ணி. மேகம் போட்டா பாதி. ராத்திரி கிடையாது. போட்டுக் கொடுக்க வந்தவரே முதல் நாள் இதைச் சொல்லிட்டுத்தாங்க கையெழுத்து வாங்கினாரு. கரண்ட்டு மோட்டாரையும் கழட்டாதீங்கன்னாரு" என்றார்.

"அவர் சொன்னதை நம்பினீர்களா?"

"அதெப்படிங்க ஐயா?" என்று சிரித்துக்கொண்டே மோட்டார் கொட்டகையின் சுவரைக் காட்டினார்.

வெள்ளையடித்த சுவரில் அடுப்புக் கரியால் எண்கள் எழுதியிருந்தன. 200 லிட்டர்ப் பீப்பாய் ஒன்றைக் குழாயடியில் வைத்து, அது நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குறித்து வைத்திருக்கிறார். காலை 8 மணிக்கு 5 நிமிஷம். நண்பகலில் 2 நிமிஷம். சாயங்காலம் 4 மணிக்கு 4 நிமிஷம். கார்த்திகை மாதத்து ஒரு தேதிக்கு எதிரே, "நிரம்பவில்லை" என்று எழுதி அதன் கீழே கோடு இழுத்திருந்தது. சித்திரையிலிருந்து ஒரு வருஷத்துக் கணக்குச் சுவர் முழுவதும் ஏறி, இப்போது கதவின் பின்புறத்துக்கு வந்துவிட்டது.

இளைஞர் அந்தச் சுவரை அதற்கு முன் நின்று படித்ததில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டே போனார். "மாமா, மாசி மாசத்திலே ரெண்டு வாரம் எழுதலையே?" என்று கேட்டார்.

"பீப்பாயிலே ஓட்டை விழுந்துடுச்சு. ஓட்டையோட எழுதினா அது கணக்கா?" என்றார் மாமா. நண்பகல் ஆகியிருந்தது. மாமா மருமகனிடம் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பீப்பாயை உருட்டிக் கொண்டுவந்து குழாயின் கீழ் நிறுத்தினார்.